மூன்று வெட்டு, ஒரு போல்ட்

பந்தயம் கட்டாமல் அவள் எந்த வேலையையும் தொடங்கியதில்லை. அவள் பேரை நான் எழுதவில்லை. எழுதினால் எங்கிருந்தாலும் வந்து நின்று, "இதுல எத்தனை எடத்துல கூட்டிச் சொல்லியிருக்கீகன்னு நான் சொல்லட்டுமா, பந்தயமா?" என்று கேட்பாள்.

நான் மண்டபத்தில் ஒரு பட்டறையில் வெல்டர். படிப்பு ஐந்தாவதோடு சரி. ஊர் கமுதிப் பக்கம், மிளகாய்க் காடு. பட்டறை பாயுடையது. பாய்க்குப் பெரியபட்டினம். கேட், ஜன்னல், படகுக்குக் கம்பிக்கூண்டு, கேட்டதைச் செய்து கொடுப்போம்.

பாம்பன் பாலத்தில் அகல ரயில் ஓட ஆரம்பித்த மறுவருஷம் பாய் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். அதோடு அவள் வந்தாள். தங்கச்சிமடத்துக்காரி. ராமநாதபுரத்தில் கம்ப்யூட்டரில் படம் போடப் படித்தவள். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். கல்யாணம் எப்போது என்று யாராவது கேட்டால், "இன்னும் எத்தனை நாளைக்கு இதையே கேப்பீகன்னு பந்தயம் கட்டுவோமா?" என்பாள். கேட்டவர்கள் அன்றைக்கே நிறுத்திவிடுவார்கள்.

கடல் வேலைக் குடும்பம். ஆனால் கடலில் கால் வைக்க மாட்டாள். "எங்க வீட்டுல எல்லாரும் நனைஞ்சாச்சு. நான் ஒருத்தியாச்சும் காஞ்சு கெடக்கேன்" என்பாள்.

அவள் பந்தயத்தில் காசு கிடையாது. அவள் ஜெயித்தால் அவள் சொல்வதை நாம் செய்ய வேண்டும். நாம் ஜெயித்தால் நாம் சொல்வதை அவள் செய்வாள். இரண்டாவது நடந்ததில்லை.

வந்த இரண்டாவது வாரம் என்னிடம் ஒரு பற்பசை அட்டைப்பெட்டியைக் காட்டினாள். நீளப் பெட்டி.

"அண்ணே, இத ஒட்டாம, ரெண்டாப் பிக்காம நாலு மூலை உள்ள சட்டமா ஆக்க முடியுமா?"

"முடியாது. மூலையில நசுங்கும்."

"பந்தயமா?"

சரி என்றேன். கத்தரிக்கோலை எடுத்தாள். பெட்டியில் மூன்று இடத்தில் முக்கோணமாக வெட்டினாள். மூன்று பக்கம் வெட்டி நாலாவது பக்கத்தை விட்டுவிட்டாள். அதுதான் கீல். பிறகு மடக்கினாள். வெட்டின வாய்கள் ஒன்றோடொன்று போய் மூடின. பெட்டி ஒரு ஜன்னல் சட்டம் போல அவள் மேசையில் நின்றது.

வெல்டிங் முகமூடியை மாட்டிக்கொண்டு டீக்கடை வரை போய் வரச் சொன்னாள். போனேன். அந்தக் கண்ணாடி வழியாகப் பகலில் ஒன்றும் தெரியாது. நடுவழியில் ஓர் ஆட்டின் மேல் மோதினேன். டீக்கடைக்காரர் கிளாஸை என் கையில் தேடி வைத்துவிட்டுக் கேட்டார்.

"ஏண்ணே, நம்ம டீ அம்புட்டுப் பிரகாசமாவா இருக்கு?"

பாயும் தோற்றார். மாடிக்கு ஏற்ற வேண்டிய ஒரு கம்பிக் கதவு படிக்கட்டு வளைவில் திரும்பாது என்று இவள் சொன்னாள். பாய் திரும்பும் என்றார். இருபது வருஷ அனுபவம் என்றார். நாலு பேர் தூக்கிப்போய் வளைவில் சொருகி, ஒரு மணி நேரம் முன்னாலும் போகாமல் பின்னாலும் வராமல் நின்றோம். அந்த வீட்டுக்காரர் கீழே இறங்க முடியாமல் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அன்று முழுக்க அவள் பாயின் நாற்காலியில் உட்கார்ந்தாள். பாய் அவளுடைய முக்காலியில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம், "அந்தம்மாகிட்டப் பேசுங்க" என்றார்.

சும்மா இருக்கும் நேரத்தில் அவள் கம்ப்யூட்டருக்குள் எங்கள் பட்டறையையே கட்டி வைத்திருந்தாள். கூரை, வேப்பமரம், கேஸ் சிலிண்டர் எல்லாம் இருந்தது. ஒரு நாற்காலியும் அதில் ஒரு பெரிய உருளையும் இருந்தன. உருளைக்கு மேல் ஒரு வெள்ளைத் தொப்பி. பாய் பின்னால் வந்து நிற்பது தெரியாமல் அதைச் சுற்றிச் சுற்றித் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, அது யாரு?"

"ஒரு ஆளு, முதலாளி."

"அந்த ஆள எதுக்கும்மா தலைகீழாத் தொங்கவிட்டுருக்க?"

"தொப்பி நிக்குதான்னு பாத்தேன்."

பாய் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வயித்தைக் கொஞ்சம் கொறச்சுப் போடு" என்று சொல்லிவிட்டுத் தொழுகைக்குப் போனார்.

அவள் எப்படித் தோற்பதே இல்லை என்பது எனக்குக் கழிவு டிரம்மைக் கொட்டும்போது தெரிந்தது. அடியில் ஏழு பற்பசைப் பெட்டிகள் கிடந்தன. எல்லாவற்றிலும் மூன்று வெட்டு. ஒன்றில் கீல் கிழிந்திருந்தது. ஒன்றில் மூலை மூடவில்லை. ஒன்று மடங்கி மடங்கி முக்கோணமாகிவிட்டிருந்தது.

அவளிடம் போய், "ஏழு" என்றேன்.

அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "ஒம்போதுண்ணே. ரெண்டு வீட்டுல கெடக்கு."

"மொதல்லயே பாத்துட்டுத்தான் பந்தயமா?"

"தோக்குறதுக்குப் பந்தயம் கட்ட நான் என்ன கிறுக்கியா?"

படிக்கட்டையும் அவள் முந்தின நாளே போய் நூல் பிடித்து அளந்திருக்கிறாள். அதற்குப் பிறகு நான் அவளிடம் பந்தயம் கட்டவில்லை. பாயிடம் சொல்லவுமில்லை. அவர் தோற்பதைப் பார்க்க எனக்கும் பிடித்திருந்தது. அத்தனை பற்பசையையும் என்ன செய்தாள் என்று கேட்கவில்லை.

பாம்பன் பக்கத்து மகளிர் குழுத் தலைவி ஒருநாள் பட்டறைக்கு வந்தார். கடல்பாசி எடுக்கிறவர்கள். தலைவிக்கு ஐம்பது வயது இருக்கும். உட்காரச் சொன்னால் உட்காராத ஆள்.

"பாய், மணல்ல காயப்போட்டா பாசியோட மணலும் சேந்து வருது. வாங்க வாரவன் மொகத்தைச் சுளிக்கான். தரையை விட்டுத் தூக்கி வலை கட்டிக் காயவைக்கணும். அதுக்குச் சட்டம் வேணும். நாங்க இருக்குற எடத்துக்கு லாரி வராது. தலையில தூக்கிட்டுத்தான் போகணும். அங்கன கரண்டும் கெடையாது, வெல்டிங்கும் கெடையாது."

பாய் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். சட்டமாகச் செய்தால் தலையில் தூக்க முடியாது. துண்டாகக் கொடுத்தால் அங்கே ஒட்ட முடியாது.

மூலையிலிருந்து அவள் பேசினாள்.

"அக்கா, நேர்க் குழாயாத் தாரேன். கட்டாக் கட்டித் தூக்கிட்டுப் போங்க. அங்கன வச்சு மடக்குங்க. மூணு வெட்டு, ஒரு போல்ட்டு. சட்டம் வந்துரும்."

"எதை வச்சு மடக்க?"

"கையால."

"இரும்புக் குழாயவா?"

"கையால மட்டும். பந்தயமா?"

தலைவி அவளை மேலும் கீழும் பார்த்தார். அவள் யார் வீட்டுப் பெண் என்பது அவருக்குத் தெரியும். அவள் கடலில் கால் வைக்க மாட்டாள் என்பதும் தெரியும்.

"தோத்தா ஒரு நாள் எங்ககூடக் கடல்ல எறங்கிப் பாசி எடுக்கணும்."

அவள் காலை முக்காலிக்கு மேல் இழுத்துக்கொண்டாள். "சரிக்கா" என்றாள்.

தலைவி போன பிறகு பாய் கதவருகே நின்று சொன்னார். "இங்க பாரும்மா. இந்தக் கம்ப்யூட்டர் வந்து வருஷமாச்சு. படமாப் போடுற, எல்லாரும் சிரிக்கிறோம். இதுவும் நடக்கலேன்னா இதத் தூக்கி ஊர்ல மருமகன்கிட்டக் குடுத்துருவேன். நீ ராமநாதபுரத்துல வேற எடம் பாத்துக்க. எனக்கு உம்மேல கோவமில்ல."

அவர் கோபமில்லாமல் சொன்னால் அது முடிந்த விஷயம். அவளுக்கும் அது தெரியும்.

குழாய்கள் பட்டறையில் இருந்தன. மூடிப்போன ஒரு ஐஸ் கம்பெனியிலிருந்து பாய் மொத்தமாக எடுத்தவை. ஒன்றரை அங்குலச் சதுரக் குழாய். தகட்டின் தடிமன் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது.

"அண்ணே, தடிமன் பாத்துச் சொல்லுங்க. அது சரியா இருக்கணும். தடிமனளவு விட்டுத்தான் வெட்டணும். கூட விட்டா முட்டும். கொறச்சு விட்டா கிழியும்."

அடுக்கில் மேலே இருந்த குழாயின் நுனியில் தடிமன் அளக்கும் வெர்னியரை வைத்தேன். "மூணு எம்.எம்." என்றேன். மூன்று என்று தட்டினாள்.

திரையில் ஒரு குழாயை நேராகப் படுக்க வைத்தாள். மூன்று முக்கோணம் வெட்டினாள். கடைசி நுனியில் போல்ட்டுக்குத் துளை போட்டாள். ஒரு பொத்தானை அழுத்தினாள். குழாய் ஒவ்வொரு மூலையாக மடங்கிச் சட்டமாகி நின்றது. பிறகு விரிந்து நேராகப் படுத்தது. மறுபடி மடங்கியது. நான் நின்று பார்த்தேன். ஒரு சட்டத்துக்கு நாலு மூலை. பதினெட்டு வருஷமாக அந்த நாலு மூலையும் என்னுடையவை. அது மடங்கக்கூடாது என்று நினைத்தேன். எழுத வந்தபிறகு மறைப்பதற்கில்லை.

இப்படி வெட்டுகிற லேசர் மெஷின் கோயம்புத்தூரில் இருந்தது. எங்கள் பக்கம் கிடையாது. பன்னிரண்டு குழாய் லாரியில் போனது. வெட்டி அங்கிருந்து நேராகப் பாம்பனுக்கு வரும் என்று ஏற்பாடு. அவளால் எதையும் முன்கூட்டி மடக்கிப் பார்க்க முடியவில்லை. அட்டைப்பெட்டிக்கு ஏது தடிமன். அந்த வாரம் அவள் யாரிடமும் பந்தயம் கட்டவில்லை. சாயங்காலம் சீக்கிரமே பஸ் ஏறினாள். பாய், "புள்ள ஏன் ஒரு மாதிரியா இருக்கு?" என்று என்னிடம் கேட்டார். தெரியாது என்றேன்.

குழாய் வந்த அன்று மூவரும் பாம்பன் போனோம். கரையில் பத்துப் பதினைந்து பெண்கள் நின்றார்கள். தலைவி முந்தானையைச் சொருகிக்கொண்டு ஒரு குழாயை எடுத்தார். நுனியை ஒரு பெண் மிதித்துக்கொள்ள, மடக்கினார். மூலை வந்தது, ஆனால் முழுசாக வரவில்லை. கொஞ்சம் விரிந்து நின்றது. இரண்டாவது மூலையும் அப்படியே. மூன்றாவதும் நின்றபோது கடைசி நுனி போல்ட் துளைக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.

"இன்னும் கொஞ்சம் அமுக்குங்கக்கா" என்றாள் அவள்.

இரண்டு பெண்கள் மூலையின் மேல் ஏறி உட்கார்ந்தார்கள். கீல் வெளிப்பக்கம் விரிசல் விட்டது.

"என்னடி இது, சட்டம் கேட்டா கொட்டாவி விட்டுக்கிட்டுக் கெடக்கு?" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். இன்னொருத்தி, "துணி காயப்போடலாம், விடு" என்றாள். படம் போட்டவள் சிரிக்கவில்லை. பாய் தொப்பியை எடுத்துத் தலையைத் தடவினார்.

"கம்ப்யூட்டரத் துணி போட்டு மூடி வச்சிரும்மா" என்றார். அவ்வளவுதான்.

நான் குனிந்து இன்னொரு குழாயின் வெட்டைப் பார்த்தேன். வெட்டின் அடியில், கீலுக்கு மேலே, கொஞ்சம் சதை மிஞ்சியிருந்தது. அது முட்டித்தான் மூலை மூடவில்லை. வெட்டு சுத்தமானது. தகடுதான் மெலிசு. மூன்று இல்லை. கண்ணால் பார்த்தாலே ரெண்டு.

எங்கள் பக்கத்தில் குழாயின் நுனியைத்தான் கடல் காற்று முதலில் தின்னும். அதனால் குழாய் வந்ததும் நுனிகளை ரெட் ஆக்ஸைடு பெயிண்ட்டில் முக்கி வைப்போம். மழைக்கு முன் ஒரு தடவை, மழைக்குப் பின் ஒரு தடவை. இந்தக் குழாய்கள் மூன்று வருஷம் கிடந்தவை. பெயிண்ட் உள்ளே அரை, வெளியே அரை ஏறியிருந்தது. நான் அளந்தது இரும்பு ரெண்டு, பெயிண்ட் ஒன்று.

பேசாமல் இருந்திருக்கலாம். கம்ப்யூட்டர் பெரியபட்டினம் போகும். அவள் ராமநாதபுரம் போவாள். நாலு மூலையும் எனக்கே வரும். ஒரு பீடி பிடிக்கிற நேரம் நான் பேசாமல்தான் இருந்தேன்.

"பாய். படம் சரி. நான் பெயிண்ட்டையும் சேத்து அளந்துட்டேன்."

யாரும் நம்பவில்லை. தலைவி என் தோளில் தட்டினார்.

"தம்பி, புள்ள அழுதுரும்னு நீ பழியத் தலையில போட்டுக்கிற. நல்ல மனசு. ஆனா குழாய் மடங்கலயே."

பாய் அதைவிட மோசம். "நீ வருஷத்துக்கு நாலு வார்த்தை பேசுற ஆளு. இன்னைக்கு மொத்தத்தையும் பேசுற. என்னமோ இருக்கு" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். பந்தயம் என்று சொல்வாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

"பந்தயம்" என்றேன் நான்.

"யார்கூட?"

"எல்லார்கூடயும். அரை மணி நேரம் குடுங்க. மடங்கும்."

"மடங்கலேன்னா?" என்றார் தலைவி.

"வெல்டிங் முகமூடியை மாட்டிக்கிட்டுக் கடல்ல எறங்குறேன்."

அதைப் பார்க்கப் பெண்களுக்கு ஆசை வந்துவிட்டது. வட்டமாக உட்கார்ந்தார்கள். பையிலிருந்து முக்கோண அரத்தையும் கட்டிலிருந்து மடக்காத ஒரு குழாயையும் எடுத்தேன். மூன்று வெட்டு, ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கம். ஆறு இடத்திலும் அந்த ஒரு எம்.எம். சதையை ராவினேன். நான் எதையும் முன்னால் செய்து பார்த்திருக்கவில்லை. ஒருத்தி, "ஏய், எவளாவது முகமூடி எடுத்துட்டு வந்திருக்காளான்னு கேளு" என்றாள்.

முடித்து எழுந்தேன். தலைவியிடம் கொடுத்தேன். யாரையும் மிதிக்கச் சொல்லாமல் அவரே பிடித்து மடக்கினார். முதல் மூலை மூடியது. இரண்டாவது மூடியது. மூன்றாவதை மடக்கும்போது நுனி தானாகத் துளைக்கு நேரே வந்து நின்றது. தலைவி கையை நீட்டினார். அவள் போல்ட்டைக் கொடுத்தாள்.

"வருது" என்றார் தலைவி.

பாய் தொப்பியை மாட்டிக்கொண்டார். "அல்ஹம்துலில்லாஹ். அந்தக் கம்ப்யூட்டர் அங்கனயே கெடக்கட்டும்."

அவளுக்குச் சிரிப்பு திரும்பி வந்தது. "அப்ப நான் ஜெயிச்சேன்லக்கா?"

"எதுல ஜெயிச்ச? கையால மட்டும்னு சொன்ன. அரம் போட்டுல்ல மடங்குச்சு. நாளைக்குக் காலைல துணியச் சுருட்டிக்கிட்டு வந்து சேரு."

மீதிக் குழாய்களுக்கும் அரம் போட வேண்டியிருந்ததால் மறுநாள் நானும் போனேன். கரையில் உட்கார்ந்து ராவிக்கொண்டிருந்தேன். அவள் அலறுவதைப் பார்க்கத் தலைவி வீட்டுப் பிள்ளைகள், அண்டை வீட்டார் எல்லாரும் வந்திருந்தார்கள். அவள் சேலைக்கு மேல் ஒரு பனியனை மாட்டினாள். துணிக் கிழிசலை எடுத்து விரல் ஒவ்வொன்றுக்கும் சுற்றி, பல்லால் கடித்து முடிச்சுப் போட்டாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பக்கவாட்டில் நடந்து அலையைத் தோளில் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். இடுப்பளவு தண்ணீரில் குனிந்து நிமிர்ந்து பாசியைப் பையில் போட்டாள்.

வந்தவர்கள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஏமாந்து வீட்டுக்குப் போனார்கள்.

உச்சிப்பொழுதில் கரையேறி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். விரல் துணிகளை அவிழ்த்தாள். விரல் நுனியெல்லாம் பாறை கிழித்த கீறல். பாதிக் கீறல் காய்ந்து கறுத்திருந்தது. அன்றைக்குக் கிழித்தது அன்றைக்கே காயாது.

"எத்தனை நாள்?" என்றேன்.

"நாலு நாளு. சின்னம்மா மகளக் கூட்டிக்கிட்டு எங்க ஊர்ப் பக்கம் எறங்குனேன். மொத நாளு அழுதுட்டேன்." துணியைப் பிழிந்தாள். "குழாயத்தான் மடக்கிப் பாக்க முடியல. இதையாச்சும் பாத்து வைப்போம்னு."

நான் அடுத்த குழாயை எடுத்தேன்.

"அண்ணே, ஒண்ணு கேக்கவா?"

"கேளு."

"அந்த நுனியெல்லாம் பெயிண்ட்டுல முக்குறது யாரு?"

"நான்தான்."

"அளந்தது?"

"நான்தான்."

"தெரிஞ்சே அளந்தீகளா?"

அரம் நின்றது. இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். என் கை வெர்னியரை வைத்தபோது என் கண் எங்கே இருந்தது என்று யோசித்துப் பார்த்தேன்.

"தெரியல" என்றேன்.

அவள் பந்தயமா என்று கேட்கவில்லை. தலைமுடியைப் பிழிந்து முடிந்துகொண்டு தலைவியிடம் சோறு கேட்கப் போனாள்.

ஒரு மாதம் கழித்து இன்னும் நாற்பது சட்டம் வேண்டும் என்று தலைவி சொல்லி அனுப்பினார். அன்று காலை நான் பட்டறைக்குப் போனபோது வெர்னியர் என் வெல்டிங் மேசை மேல் இருந்தது.

"நடுவுல அறுத்து அளங்கண்ணே" என்றாள் மூலையிலிருந்து.

குழாயை நடுவில் அறுத்தேன். பிசிறை ராவிவிட்டு வைத்துப் பார்த்தேன். "ரெண்டு" என்றேன். ரெண்டு என்று தட்டினாள்.

டீ குடிக்கப் போனேன். டீக்கடை பெஞ்சிலிருந்து பார்த்தால் பட்டறை முழுசாகத் தெரியும். அவள் எழுந்தாள். இரண்டு பக்கமும் பார்த்தாள். என் மேசைக்குப் போனாள். வெர்னியரை எடுத்து, அறுத்த இடத்தில் வைத்து, குனிந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். நிமிரும்போது நான் பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டாள்.

வெர்னியரைக் கீழே வைக்கவில்லை. மற்றொரு கையைத் தூக்கி எனக்கு இரண்டு விரலைக் காட்டினாள்.

நான் தலையை ஆட்டிவிட்டு டீயைக் குடித்தேன்.